பனியனில் ஆறாவது படம்

அக்காவின் கடையில் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று இருந்தது. கெட்ட வார்த்தை இல்லை. கெட்ட வார்த்தைகளை அக்காவே தாராளமாகப் பேசுவாள். 'பழகிடுச்சு' என்று மட்டும் யாரும் அவள் காது கேட்கச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தீர்ந்தது.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் என்னுடைய டி.டி.பி. கடையும் அக்காவின் பனியன் பிரிண்டிங் கடையும் ஒரே கட்டடத்தில், ஒரு மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஏழு வருடம் இருந்தன. கபடி டீம் பனியன், திருவிழா பனியன், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் காவி பனியன், கட்சிக்காரர்கள் ராத்திரி கேட்டு விடியற்காலை வாங்கிப் போகும் பனியன் எல்லாம் அக்கா கையில்தான் அச்சாகும். எழுத்துகளையும் படங்களையும் நான் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பேன். ஊரில் அவளுக்குப் பெயர் பனியன் அக்கா. சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதை எழுதும் யோக்கியதை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அக்காவின் கோபத்தை ஊர் ஒரு வேடிக்கையாக வைத்திருந்தது. "பக்கத்துக் கடையில இன்னிக்கி வெடி வெடிச்சாச்சா?" என்று டீக்கடைக்காரர் தினமும் என்னிடம் கேட்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் பல்லை நானே உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு முறை லாரி டிரைவர் ஒருவர் இறந்து, பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் படம் போட்ட பனியன் வேண்டுமென்று மகன்கள் வந்தார்கள். அவர் பெயரில் நான் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். அச்சடித்து, காய்ந்து, மடித்து வைத்த பிறகுதான் தெரிந்தது. பெரிய மகன் நல்ல மாதிரி. "பரவால்லக்கா. எங்கப்பா பேரு ரேஷன் கார்டுலயும் தப்பாத்தான் இருக்குது. பழகிடுச்சு" என்றான்.

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். அவன் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு பனியனாக நடுவில் கிழித்தாள். "உசுரோட இருந்தப்பதான் அந்த மனுசன் பேர எவனும் சரியா எழுதல. செத்த பெறகாவது ஒழுங்கா எழுதுங்கடா!" அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீயெல்லாம் கண்ண எங்க வச்சிக்கினு டைப் அடிக்கிற?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். மறுநாள் காலை சரியான பெயரோடு எல்லாப் பனியன்களும் தயாராக இருந்தன. புதுத் துணி அவளுடைய கைக்காசு.

அக்கா மாதா கோயிலுக்குப் போகிறவள். அங்கே ஒலிபெருக்கி பல மாதமாகக் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமியார் பிரசங்கம் செய்யும்போது எழுந்து நடுவழியாக நடந்து போய் சுவிட்சை அணைத்துவிட்டாள். கோயிலே திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது. "மன்னிச்சிக்குங்க சாமி. நீங்க பேசறது இப்பத்தான் கேக்குது, சொல்லுங்க" என்றாளாம். அடுத்த ஞாயிறு புது மைக் வந்துவிட்டது. அந்த மைக்குக்கு நன்றி சொன்னவர்கள் அக்காவின் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அவள் புருஷன் பாண்டிச்சேரியில் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்தினார். அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் என்னிடம் பேசினாள். அச்சடிக்கிற ஸ்கிரீனைக் கழுவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அந்தாளு போனதுகூட பெரிசு இல்ல தம்பி. அவரோட அம்மா எங்கிட்ட வந்து, 'கொஞ்ச நாள்ல பழகிடும்மா'ன்னாங்க பாரு. அன்னிக்கே பொட்டியத் தூக்கிக்கினு வந்துட்டேன்."

ஊர் ஊராகப் போன எங்கள் விருத்தாசலம் பனியன் பிறந்ததும் அக்காவின் ஒரு கோபத்தில்தான்.

ரயில் மாறுவதற்காக ஜங்ஷனில் இறங்கிய ஒரு இளம் தம்பதி, அடுத்த வண்டிக்கு நேரம் இருக்கிறதென்று ரோட்டுக்கு வந்து டீக்கடையில் விசாரித்தார்கள். "இந்த ஊர்ல பாக்குறதுக்கு என்னங்க இருக்கு?"

"ஒண்ணுமில்லிங்க. கோயில் இருக்குது, அதுவும் சாயங்காலந்தான் தொறப்பாங்க" என்றார் டீக்கடைக்காரர்.

அக்கா கடையிலிருந்து கையெல்லாம் மையோடு வெளியே வந்தாள். "ஒண்ணுமில்லியா? பொறந்ததுல இருந்து இந்த ஊர்லதான இருக்கற? கண்ணத் தொறந்து ஒரு நாளாவது பாத்திருக்கியா?" அந்தப் பிள்ளைகள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் திரும்பி வந்தபோது அந்தப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியை விடாமல் பிடித்தார்கள்.

மறுநாள், அவர்களுக்குக் காட்டியதையெல்லாம் பனியனில் போட வேண்டுமென்று ஒரு பில்லின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு அக்கா என்னிடம் வந்தாள். ஒரு பீங்கான் கம்பெனி வாசலில் காது உடைந்து நிற்கும் ராட்சசக் கப்பு; மழை பெய்தால் அதில் தவளைகள் குடியிருக்கும். சூளைக்குள் கொள்ளவில்லை என்று கழுத்தைக் குறைத்துச் செய்து, ஆடு மாதிரி நிற்கும் ஒட்டகச்சிவிங்கி. ஆளுயரத்துக்குச் செய்து ரோட்டோரம் நட்ட வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை. அதற்கு யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, இப்போது லாரிக்காரர்கள் சூடம் கொளுத்திவிட்டுப் போகிறார்கள். ரோட்டுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக் கட்டிய பஸ் நிழற்குடை. வேப்பூருக்கு ஒரு முகத்தில் ஒரு தூரமும் மறு முகத்தில் வேறு தூரமும் எழுதிய மைல் கல்.

ஆறாவதாக, எங்கள் கடைகளுக்கு எதிரே இருந்த சிவப்பு நாற்காலி.

அந்த நாற்காலியின் கதையைச் சொல்ல வேண்டும். ரோட்டோரம் கால்வாய்க்கு மேல் மூடியில்லாத ஒரு குழி இருந்தது. யார் தோண்டியது, யார் மூட வேண்டியது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. இந்த ஆபீஸில் கேட்டால் அந்த ஆபீஸைக் காட்டுவார்கள். ஒரு நாள் சைக்கிளோடு ஒரு வாத்தியார் உள்ளே போனார். அக்கா அவரைத் தூக்கிவிட்டு, தன் கடையில் கால் உடைந்து கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து குழியில் தலைகீழாகச் சொருகினாள். மனு எழுதினாள். நான்தான் டைப் அடித்தேன். மறுபடி எழுதினாள். மறுபடி டைப் அடித்தேன்.

மூன்று வருடம் அந்த நாற்காலி அங்கேயே நின்றது. முதல் வருடம் அதைப் பார்த்து விலகினார்கள். அடுத்த வருடம் அதை வைத்து வழி சொன்னார்கள்: "சேருக்கு எதுத்தாப்ல வந்து நில்லு." மூன்றாவது வருடம் ஆயுத பூஜைக்கு அதற்கு மாலை போட்டுப் பொட்டு வைத்தார்கள். அக்கா அந்த மாலையைப் பிய்த்துக் கால்வாயில் எறிந்தாள்.

"எச்சரிக்கைக்கு வச்சேன்டா. இவனுவ அதையும் அலங்காரமாக்கிட்டானுவ. அதையும் போடு. வர்றவன் போறவன் எல்லாம் பாத்து சிரிக்கட்டும். அப்பவாவது எவனுக்காவது சுருக்குன்னு தைக்குதான்னு பாப்போம்."

ஆறு படங்களையும் கோடுகளாக நான் வரைந்தேன். மேலே 'விருத்தாசலம்' என்றும் கீழே 'இறங்கிப் பாத்துட்டுப் போங்க' என்றும் எழுதினோம். பனியன் பிய்த்துக்கொண்டு போனது. ஜங்ஷனில் இறங்கியவர்கள் வாங்கினார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் கட்டு கட்டாகக் கொண்டுபோனார்கள். எல்லோரும் ஆறாவது படத்தைப் பார்த்துத்தான் அதிகம் சிரித்தார்கள். சிரித்தார்கள், அவ்வளவுதான். ஒருவனுக்கும் தைக்கவில்லை.

எங்கள் கடைத்தெருக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் செயலாளர் பாத்திரக் கடை வைத்திருந்தார். எங்கள் இரண்டு கடைகளும் இருந்த கட்டடம் அவருடையது. சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், வரவேற்பில் நிற்கிறவர்களுக்கெல்லாம் அதே பனியன் வேண்டும் என்று அக்காவிடம் வந்தார்.

"நம்ம ஊருக்குப் பெருமைம்மா. ஒரே ஒரு மாத்தம். அந்தச் சேரை எடுத்துட்டு நம்ம சங்கக் கட்டடத்தப் போட்டுடு."

"குழிய மூடுங்க, சேரை எடுக்கறேன்."

"பெரிய மனுசங்க வர்ற நேரத்துல குழி கிழின்னுக்கிட்டு… அசிங்கமா இருக்குதுல்ல?"

"குழி இருக்கறது அசிங்கமில்ல, படத்துல போட்டாதான் அசிங்கமா? போயிட்டு வாங்க. ஒரு பீஸ்கூட அடிக்க மாட்டேன்."

செயலாளர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே வெளியே வந்தவர், சுவருக்கு இந்தப் பக்கம் திரும்பி என் கடைக்குள் நுழைந்தார்.

"தம்பி, படம் நீதான வரைஞ்சது? உங்கிட்ட இருக்கும்ல?"

இருந்தது. இல்லையென்று சொல்லியிருக்கலாம். அக்காவைக் கேட்காமல் தர முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னை மிரட்டவில்லை. கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஒருவன் மிரட்டி நான் பணிந்திருந்தால் எனக்குச் சாக்காவது இருந்திருக்கும். நாற்காலியைத் தேர்ந்தெடுத்து அழிப்பதற்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. அந்த இடத்தில் சங்கக் கட்டடத்தை, கொடியோடு, வரைந்து கொடுத்தேன். வேறு ஊரில் அச்சடித்து வரவழைத்துக்கொண்டார்கள்.

விழா அன்று காலை அந்தப் பனியனைப் போட்டவர்கள் ரோட்டில் நின்றதும் அக்கா பார்த்துவிட்டாள். நேராக என் கடைக்கு வந்தாள். நான் முதுகை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உன் கோடுதான?"

"அவங்க கேட்டாங்கக்கா…"

அவ்வளவுதான். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஏழு வருடத்தில் அக்காவிடம் நான் பயந்தது அந்த ஒரு தடவைதான்.

நான் எழுந்து சங்க விழாவுக்குப் போனேன். மண்டபம் எங்கள் கடைகளிலிருந்து கூப்பிடு தூரம். போகிற வழியில்தான் கவனித்தேன், எதிரே நாற்காலி இல்லை. குழியும் இல்லை. அதன்மேல் மெல்லிய பிளைவுட் பலகை ஒன்றைப் போட்டு, பச்சைப் பாய் விரித்து, ஓரத்தில் ஒரு பூந்தொட்டியும் வைத்திருந்தார்கள். பார்த்தேன். அது ஆள் பாரம் தாங்காத பலகை என்றும் எனக்குத் தெரிந்தது. சுற்றிக்கொண்டு நடந்து போய், முன் வரிசைக்குப் பின்னால் இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

அதிகாரி பேசிக்கொண்டிருந்தபோது வெளியே கூச்சல் கேட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. செயலாளர் மேடையிலிருந்து, "ஒண்ணுமில்ல, உக்காருங்க, உக்காருங்க" என்று கையமர்த்தினார். பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். நான் ஓடினேன்.

அதிகாரிக்குப் போட வேண்டிய மாலையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பூக்காரம்மா வந்திருக்கிறார். வயதானவர். பின்னால் ஒரு கார் ஹாரன் அடிக்க, ஒதுங்குவதற்காகப் பச்சைப் பாயின் மேல் கால் வைத்திருக்கிறார். பலகை முறிந்துவிட்டது. நான் போனபோது அக்கா குழிக்குள் இடுப்பு வரை இறங்கி நின்றுகொண்டிருந்தாள். பூக்காரம்மாவின் உடம்பைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, மேலே நின்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்: "போட்டோ எடுக்கற கையால புடிச்சித் தூக்குங்கடா!" அந்த அம்மாவின் ஒரு கால் பார்க்க முடியாத விதத்தில் திரும்பியிருந்தது. மாலை சாக்கடையில் மிதந்தது.

தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். அந்த அம்மாவின் மகள் ஓடிவந்து கூட ஏறிக்கொண்டாள். ஆட்டோ போனதும் அக்கா தன் கடைக்குள் போனாள். தான் உட்கார்ந்து வேலை செய்கிற மர நாற்காலியைத் தூக்கி வந்தாள். குழிக்குப் பக்கத்தில், பாதி ரோட்டை அடைத்துப் போட்டு உட்கார்ந்தாள். சேலையிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரியின் கார் மண்டபத்தைவிட்டு வெளியே வர வேண்டிய வழி அது.

செயலாளர் ஓடிவந்தார். "எழுந்திரும்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

"நாளைக்கே மூடிடலாம்மா. நான் பொறுப்பு."

"மூணு வருசமா மாத்தி மாத்திப் பொறுப்பு சொன்னீங்க. அந்தம்மா காலு யாரு பொறுப்பு? பாய் விரிச்சது யாரு பொறுப்பு?"

பெண் போலீஸ் ஒருவர் வந்து கையைப் பிடித்தார். அக்கா உதறவில்லை. "நீ உன் வேலைய செய்ம்மா. ஆனா என்னத் தூக்குனா, இந்த எடத்துல நீ நிக்கணும். ராவுல வர்றவன் விழாம பாத்துக்கணும். நிப்பியா?" அந்தப் பெண் குழியை எட்டிப் பார்த்தார். கையை விட்டுவிட்டார். அதிகாரியின் காரைப் பின்னாலேயே எடுத்து வேறு சந்து வழியாக அனுப்பிவைத்தார்கள்.

இவ்வளவும் நடக்கும்போது நான் என்ன செய்தேன்? அக்காவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் காலைக் கழுவிக்கொண்டாள். குடிக்கவில்லை.

மறுநாள் காலை நான் கடை திறக்க வந்தபோதும் அங்கேயே இருந்தாள். பத்து மணிக்கு ஒரு டிராக்டரில் சிமெண்ட் பலகை வந்து இறங்கியது. நாலு ஆட்கள் கடப்பாரையால் நெம்பி வைத்து, ஓரம் பூசினார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மூன்று வருடமும் இரண்டு மனுவும் ஒரு மனுஷியின் காலும் கேட்ட வேலை அது.

அக்கா எழுந்து பலகையின்மேல் நின்று ஒரு முறை குதித்துப் பார்த்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போய் ஷட்டரை இறக்கிக்கொண்டாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்லச் சொல்ல வாய் கசக்கிறது. பொது வழியை மறித்ததாக அக்கா மேல் கேஸ் போட்டார்கள். பாய் விரித்தவர்கள் மேல் ஒன்றுமில்லை. கட்டடத்தில் ரிப்பேர் வேலை இருக்கிறது, அந்த ஒரு கடையை மட்டும் காலி செய்ய வேண்டும் என்று செயலாளர் சொன்னார். "கொஞ்சம் வாய்தான் அதிகம், நல்ல பொம்பளதான்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். புதுப் பலகைமேல் நின்றுகொண்டுதான் பேசினார்கள்.

அக்கா சேத்தியாத்தோப்புக்கு, தம்பி வீட்டுப் பக்கம் போவதென்று முடிவு செய்தாள். மினி லாரி வந்து நின்ற அன்று நான் கேட்காமலேயே போய் ஸ்கிரீன்களைத் தூக்கினேன். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. எல்லாம் ஏற்றி முடித்து, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"பூக்காரம்மாவப் போய்ப் பாத்தியா?"

"பரவால்லன்னு சொன்னாங்கக்கா."

"யாரு சொன்னாங்க?"

யார் சொன்னார்கள் என்று எனக்கே தெரியாது.

"நீ பாத்தியான்னு கேட்டேன்."

"இல்லக்கா."

"த்தூ" என்றாள். டிரைவரைப் பார்த்து, "எடுப்பா" என்றாள்.

அன்று மதியமே போனேன். பூக்காரம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிலோரம் நடைவண்டி மாதிரி ஒரு ஸ்டாண்டு நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரைக்கும்தான் போக முடிகிறதாம். பஸ் ஸ்டாண்டுக்கு இனி மகள்தான் போக வேண்டும். நான் இன்னார் என்று சொன்னேன். படத்தில் நாற்காலியை அழித்தது நான்தான் என்றும் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

"படமா? என்ன படம்? அத வுடு. அந்தப் பொண்ணு எப்படி இருக்குது? எங்கூட சாக்கடையில எறங்கி நின்னுச்சே, வுட்றாத ஆயா, வுட்றாத ஆயான்னுகினு. ஒரு நாளு இட்டுகினு வாயேன், பாக்கணும்."

"அக்கா ஊர்ல இல்லிங்கம்மா. கடையக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இன்னிக்கித்தான் போனாங்க."

அவர் கை நின்றது. "எதுக்கு?"

நான் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பொண்ண ஊர வுட்டு அனுப்பறாங்க. அத்தினி கடைக்காரங்க இருக்கீங்க. நீங்கள்லாம் சும்மாவா இருந்தீங்க?"

"ஆமாம்மா" என்றேன். "சும்மாத்தான் இருந்தோம்."